வீட்டு கம்ப்யூட்டர்ல அட்மின் யாருக்கு, லாகின் ஸ்க்ரீன்ல என்னென்ன மாத்தணும்

விண்டோஸ் போடும்போது முதல்ல உருவாகுற அக்கவுன்ட் எப்பவுமே அட்மினிஸ்ட்ரேட்டர் தான், சுருக்கமா அட்மின், அதாவது சிஸ்டத்துல எத வேணா மாத்துற முழு அதிகாரம் இருக்க அக்கவுன்ட். நம்ம வீடுகள்ல பாதிக்கு மேல அந்த ஒரே அக்கவுன்ட்லயே காலம் ஓடிட்டு இருக்கும், அப்பா பேங்க் வேலை பாக்குறதும் அதுல தான், அம்மா சீரியல் பாக்குறதும் அதுல தான், பையன் எங்கேயோ கேம் டவுன்லோட் பண்ணி டபுள் க்ளிக் பண்றதும் அதுல தான். கடையில அசெம்பிள் பண்ணி வாங்குன சிஸ்டம்னா இன்னும் மோசம், பேரு 'யூசர்'னோ 'அட்மின்'னோ இருக்கும், பாஸ்வேர்டே இருக்காது, ஆன் பண்ணா நேரா டெஸ்க்டாப்.

நான் சொல்ல வர்றது ஒண்ணு தான்: தினமும் உக்காந்து வேலை பாக்குற அக்கவுன்ட் அட்மினா இருக்கக் கூடாது. பசங்களோடது மட்டும் இல்ல, உங்களோடதும் தான். அட்மின் தனியா ஒரு அக்கவுன்ட்டா இருக்கட்டும், அதுல யாரும் லாகின் பண்ணி உக்கார வேணாம், பர்மிஷன் கேக்கும்போது அதோட பாஸ்வேர்டு மட்டும் அடிச்சா போதும். இத செட் பண்ண அரை மணி நேரம் கூட ஆகாது, ஆனா வரிசை மாறிடுச்சுன்னா நீங்களே வெளிய மாட்டிக்குவீங்க, அதனால கீழ சொல்ற ஆர்டர்லயே பண்ணுங்க.

நான் விண்டோஸ் 11 வச்சு சொல்றேன். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சு போச்சு, இன்னும் அதுல இருக்கவங்களுக்கும் கிட்டத்தட்ட இதே வழி தான், மெனு பேரு மட்டும் அங்கங்க மாறும், 'அதர் யூசர்ஸ்'ங்கிறது அதுல 'ஃபேமிலி அண்ட் அதர் யூசர்ஸ்'னு இருக்கும்.

முதல்ல இப்ப யாரெல்லாம் அட்மின்னு பாருங்க

செட்டிங்ஸ் திறந்து அக்கவுன்ட்ஸ், அதுக்குள்ள 'யுவர் இன்ஃபோ' போனா உங்க பேருக்கு கீழ 'அட்மினிஸ்ட்ரேட்டர்'னு போட்டிருக்கும், போடலன்னா நீங்க சாதா யூசர். ஆனா இது உங்க அக்கவுன்ட்ட மட்டும் தான் காட்டும். மொத்த லிஸ்ட்டும் வேணும்னா விண்டோஸ் கீயும் எக்ஸும் சேத்து அமுக்கி, வர்ற மெனுல டெர்மினல் திறந்து, நெட் யூசர்னு ஒரு வரி அடிங்க, சிஸ்டத்துல இருக்க எல்லா அக்கவுன்ட்டும் வரும். அடுத்து நெட் லோக்கல்குரூப் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்னு அடிங்க, இங்கிலீஷ்ல தான், லோக்கல்குரூப் நடுவுல கேப் கிடையாது, கடைசியில எஸ் விட்ராதீங்க. அட்மின் அதிகாரம் இருக்க பேரு எல்லாம் வரிசையா வரும்.

அதுல வெறும் 'அட்மினிஸ்ட்ரேட்டர்'னே ஒரு பேரு இருக்கும், பயப்பட வேணாம், அது விண்டோஸ் கூடவே வர்றது, நார்மலா முடக்கி தான் இருக்கும். ஆனா சில சர்வீஸ் ஆளுங்க வேலை சீக்கிரம் முடியட்டும்னு அத எழுப்பி விட்டுட்டு அப்படியே குடுத்துட்டு போயிடுவாங்க. உங்க லாகின் ஸ்க்ரீன்ல அந்த பேரே தெரிஞ்சா அது ஓடிட்டு இருக்குன்னு அர்த்தம். இந்த அக்கவுன்ட்ல பிரச்சனை என்னன்னா எந்த ப்ரோக்ராமும் பர்மிஷன் கேட்டு பாக்ஸ் காட்டாது, க்ளிக் பண்ணா உடனே முழு பவரோட ஓடும், வைரஸா இருந்தாலும் தான். இத எப்படி மூடுறதுன்னு கொஞ்சம் தள்ளி சொல்றேன், இப்பவே மூடிராதீங்க, வேற அட்மின் ரெடியா இருக்கணும்.

புது அட்மின் அக்கவுன்ட் உருவாக்குறது

செட்டிங்ஸ், அக்கவுன்ட்ஸ், 'அதர் யூசர்ஸ்', 'ஆட் அக்கவுன்ட்'. உடனே மைக்ரோசாஃப்ட் இமெயில் கேக்கும். குடுக்க வேணாம். கீழ சின்னதா 'ஐ டோன்ட் ஹேவ் திஸ் பெர்சன்ஸ் சைன்-இன் இன்ஃபர்மேஷன்'னு லிங்க் இருக்கும், அத அமுக்குங்க, அடுத்த பக்கத்துல 'ஆட் எ யூசர் வித்தவுட் எ மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்', அதையும் அமுக்குங்க. இப்ப தான் பேரும் பாஸ்வேர்டும் கேக்கும்.

ஏன் இங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் வேணாம்னு சொல்றேன்னா, இது அவசரத்துக்கு வச்சிருக்க ஸ்பேர் அக்கவுன்ட், நெட் இல்லாத நேரத்துலயும் திறக்கணும், போன் நம்பர் மாறி ஓடிபி வராத நேரத்துலயும் திறக்கணும். தினமும் யூஸ் பண்ற அக்கவுன்ட் மைக்ரோசாஃப்ட்டா இருந்துட்டு போகட்டும், அதுக்கு வேற லாபம் இருக்கு.

பேரு வைக்கும்போது ஒரு விஷயம். தமிழ்ல பேரு வைக்கணும்னு ஆசை இருந்தா முதல்ல இங்கிலீஷ் எழுத்துல சின்னதா, கேப் இல்லாம ஒரு பேரு வச்சு உருவாக்கிட்டு, அப்புறமா கன்ட்ரோல் பேனல்ல யூசர் அக்கவுன்ட்ஸ் போய் தமிழ்ல மாத்திக்கோங்க. ஏன்னா முதல்ல வச்ச பேருல தான் சி டிரைவ்ல யூசர்ஸ் போல்டருக்குள்ள உங்க போல்டர் உருவாகும், அப்புறம் பேர மாத்துனாலும் போல்டர் பேரு மாறாது, அந்த போல்டர் பேரு தமிழ்ல இருந்தா சில பழைய சாஃப்ட்வேர் முழிக்கும். மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்னா இன்னும் கூத்து, இமெயிலோட முதல் 5 எழுத்த எடுத்து போல்டர் பேரா வச்சிடும், முருகானந்தம்னு இமெயில் இருக்க மனுஷன் அந்த கம்ப்யூட்டர்ல கடைசி வரைக்கும் 'முருக்' தான்.

பாஸ்வேர்டு போட்டதும் மூணு செக்யூரிட்டி கேள்வி கேக்கும், பாஸ்வேர்டு மறந்தா இத வச்சு தான் மீட்கணும். பொறந்த ஊரு என்ன, படிச்ச முதல் ஸ்கூல் என்ன, மூத்த கசின் பேரு என்ன, இந்த மாதிரி தான் கேள்வி. நல்லா யோசிங்க, நீங்க யாருக்கு தெரியக் கூடாதுன்னு பாஸ்வேர்டு போடுறீங்களோ அந்த பையனுக்கு இந்த மூணுக்கும் பதில் தெரியும். அதனால உண்மையான பதில குடுக்காதீங்க, பொறந்த ஊருக்கு சம்பந்தமே இல்லாத ஏதாவது ஒரு வார்த்தைய போடுங்க, பாஸ்வேர்டோட சேத்து ஒரு பேப்பர்ல எழுதி பீரோல பத்திரம் இருக்க கவர்ல வைங்க. எழுதி வைக்கக் கூடாதுன்னு எல்லாரும் சொல்லுவாங்க, ஆபீஸுக்கு அது சரி, வீட்டுக்கு எழுதி வைக்கிறது தான் சரி, வீட்ல திருடன விட மறதி தான் பெரிய எதிரி.

உருவாக்குனதும் அது சாதா அக்கவுன்ட்டா தான் இருக்கும். லிஸ்ட்ல அந்த பேர க்ளிக் பண்ணி 'சேஞ்ச் அக்கவுன்ட் டைப்', அதுல 'அட்மினிஸ்ட்ரேட்டர்' செலக்ட் பண்ணி ஓகே.

இப்ப கட்டாயம் ஒரு தடவ ஸ்டார்ட் மெனுல உங்க போட்டோவ க்ளிக் பண்ணி சைன் அவுட் ஆகி, அந்த புது அக்கவுன்ட்ல உள்ள போய் பாருங்க. பாஸ்வேர்டு வேலை செய்யுதா, 'யுவர் இன்ஃபோ'ல அட்மினிஸ்ட்ரேட்டர்னு வருதா. இத பாக்காம அடுத்த ஸ்டெப்புக்கு போகாதீங்க.

பழைய அக்கவுன்ட்ட இறக்குறது

புது அட்மின் அக்கவுன்ட்டுக்குள்ள இருந்துகிட்டே அதே 'அதர் யூசர்ஸ்' போய், உங்க பழைய பேர க்ளிக் பண்ணி 'ஸ்டாண்டர்ட் யூசர்'னு மாத்துங்க. பைல் போயிடுமா, போட்டோ போயிடுமா, டேலி திறக்குமான்னு பயப்படுவாங்க, எதுவும் போகாது, டெஸ்க்டாப் அப்படியே இருக்கும், அதிகாரம் மட்டும் தான் குறையுது. சைன் அவுட் பண்ணி மறுபடி உள்ள வந்தா தான் மாற்றம் நடைமுறைக்கு வரும்.

இப்ப தான் அந்த 'அட்மினிஸ்ட்ரேட்டர்' விஷயம். அது எழுந்து உக்காந்திருந்தா, அந்த அக்கவுன்ட்டுக்குள்ள ஏதாவது பைல் இருக்கான்னு முதல்ல பாத்து எடுத்துக்கோங்க, அப்புறம் டெர்மினல அட்மினா திறந்து நெட் யூசர் அட்மினிஸ்ட்ரேட்டர் அடிச்சு, ஒரு கேப் விட்டு, ஸ்லாஷ் போட்டு ஆக்டிவ், கோலன், நோன்னு ஒட்டி அடிங்க. லாகின் ஸ்க்ரீன்ல இருந்து அது காணாம போயிடும். திரும்ப வேணும்னா நோக்கு பதிலா எஸ், ஒய், இ, எஸ்னு மூணு எழுத்தும்.

சாதா அக்கவுன்ட்ல வாழ்க்கை எப்படி இருக்கும்

பெருசா ஒண்ணும் மாறாது. ப்ரவுசர், வேர்டு, எக்ஸெல், யூடியூப், ஜூம், பிரிண்ட் எல்லாம் அப்படியே. விண்டோஸ் அப்டேட் கூட ஓடும். புது பிரிண்டர் டிரைவர் போட, எல்லாருக்கும் பொதுவா ஒரு சாஃப்ட்வேர் போட, ஆன்டிவைரஸ ஆஃப் பண்ண, சிஸ்டத்தோட தேதிய மாத்த, இதுக்கெல்லாம் தான் அட்மின் கேக்கும். தேதி விஷயம் ஏன் சொல்றேன்னா, பழைய டெஸ்க்டாப்ல மதர்போர்டுல இருக்க காயின் பேட்டரி செத்துப் போச்சுன்னா ஒவ்வொரு தடவ ஆன் பண்ணும்போதும் தேதி பல வருஷம் பின்னாடி போயிடும், எந்த வெப்சைட்டும் திறக்காது, சாதா அக்கவுன்ட்ல இருக்கவங்களால தேதிய சரி பண்ண முடியாது. தெருமுனை கடையில 2032 நம்பர் பேட்டரி ஒண்ணு வாங்கி மாத்திருங்க, அட்மின் பாஸ்வேர்ட வீட்ல எல்லாருக்கும் சொல்ல வேண்டிய அவசியம் வராது.

பர்மிஷன் கேக்கும்போது ஸ்க்ரீன் இருட்டாகி நடுவுல ஒரு பாக்ஸ் வரும். அட்மின் அக்கவுன்ட்டுன்னா அதுல வெறும் எஸ், நோ தான், எல்லாரும் படிக்காமலே எஸ் அமுக்கி பழகிட்டோம். சாதா அக்கவுன்ட்ல அட்மினோட பாஸ்வேர்டோ பின் நம்பரோ கேக்கும், அந்த ரெண்டு செகண்டு நிக்க வைக்குது பாருங்க, அதுக்காக தான் இவ்வளவும். நின்ன நேரத்துல பாக்ஸ படிங்க. மேல பட்டை நீலமா இருந்தா யார் உருவாக்குனாங்கன்னு சரிபாத்த ப்ரோக்ராம், கீழ 'வெரிஃபைட் பப்ளிஷர்'னு போட்டு கம்பெனி பேரு இருக்கும். மஞ்சளா இருந்து பப்ளிஷர் 'அன்நோன்'னு இருந்தா யாருன்னே தெரியாத ஆளு. 'ஷோ மோர் டீடெய்ல்ஸ்' அமுக்குனா அந்த பைல் எந்த போல்டர்ல இருந்து ஓடுதுன்னு கூட காட்டும். பையன் ஸ்கூல் ப்ராஜெக்ட் சாஃப்ட்வேர்ப்பான்னு கூப்புடுவான், பாக்ஸ்ல பப்ளிஷர் அன்நோன், பைல் டவுன்லோட்ஸ் போல்டர்ல, பேருல 'கிராக்'னு இருக்கும். நோ அமுக்கிட்டு எழுந்து வந்துடுங்க.

இன்னொன்னும் தெரிஞ்சுக்கோங்க, இது சர்வரோக நிவாரணி இல்ல. யூசரோட சொந்த போல்டருக்குள்ளயே இன்ஸ்டால் ஆகுற சாஃப்ட்வேர் நிறைய இருக்கு, அதுக்கு அட்மினே தேவையில்ல, நிறைய கேம் அப்படித்தான் உள்ள வருது. ரான்சம்வேர், அதாவது பைல பூட்டிட்டு பணம் கேக்குற வைரஸ் வந்தாலும் அந்த யூசரோட பைல் எல்லாம் பூட்டிடும். என்ன வித்தியாசம்னா மத்தவங்க போல்டருக்குள்ள அதால போக முடியாது, விண்டோஸோட அடிமடியில கை வைக்க முடியாது. அதனால தான் ஆளுக்கு ஒரு அக்கவுன்ட். பையனுக்கு தனி, உங்களுக்கு தனி, எல்லாமே சாதா. பசங்களுக்கு நேரக் கட்டுப்பாடு, வெப்சைட் ஃபில்டர் எல்லாம் வேணும்னா மட்டும் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் போட்டு 'ஃபேமிலி'ல சேக்கணும், மைக்ரோசாஃப்ட் இமெயில் இல்லாம உருவாக்குன லோக்கல் அக்கவுன்ட்டுக்கு அது வேலை செய்யாது.

லாகின் ஸ்க்ரீன்

செட்டிங்ஸ், அக்கவுன்ட்ஸ், 'சைன்-இன் ஆப்ஷன்ஸ்'. இங்க மாத்துறது பெரும்பாலும் அந்தந்த அக்கவுன்ட்டுக்கு மட்டும் தான், அதனால ஒவ்வொருத்தர் அக்கவுன்ட்லயும் போய் ஒரு தடவ பாக்கணும்.

பின் வைக்கலாமான்னு நிறைய பேர் தயங்குறாங்க, 4 நம்பர் பாஸ்வேர்ட விட வீக் இல்லையான்னு. பின் அந்த கம்ப்யூட்டருக்குள்ள மட்டும் தான் இருக்கும், நெட்ல எங்கேயும் போகாது, யாராவது பாத்துட்டாலும் அந்த மெஷின் முன்னாடி வந்து உக்காந்தா தான் அதுக்கு மதிப்பு, ஆனா மைக்ரோசாஃப்ட் பாஸ்வேர்டு லீக் ஆனா உலகத்துல எங்க இருந்தும் உங்க மெயிலுக்குள்ள வரலாம். அதனால பின் வைங்க, 4க்கு பதிலா 6 நம்பரா வைங்க, பொறந்த வருஷம் வேணாம். லெட்டரும் சேக்கணும்னா பின் போடுற இடத்துலயே அதுக்கு ஒரு டிக் பாக்ஸ் இருக்கு. ஸ்பேர் அட்மினுக்கு மட்டும் நீளமான பாஸ்வேர்டே இருக்கட்டும், பக்கத்துல நின்னு கீபோர்ட பாத்துட்டு இருக்க பையனுக்கு 4 நம்பர் ரொம்ப சுலபம்.

அதே பக்கத்துல கீழ, விட்டுட்டு போனா திரும்ப எப்ப பாஸ்வேர்டு கேக்கணும்னு ஒரு ஆப்ஷன் இருக்கும். 'நெவர்'னு இருந்தா ஸ்லீப்ல இருந்து எழுந்ததும் நேரா டெஸ்க்டாப் தான், லேப்டாப்னா கட்டாயம் மாத்துங்க. இமெயில் ஐடிய லாகின் ஸ்க்ரீன்ல காட்டணுமான்னு ஒரு ஸ்விட்ச் இருக்கும், ஆஃப் பண்ணுங்க. அப்புறம் செட்டிங்ஸ்ல சிஸ்டம், நோட்டிஃபிகேஷன்ஸ் போய் லாக் ஸ்க்ரீன்ல நோட்டிஃபிகேஷன் காட்டுறதையும் ஆஃப் பண்ணுங்க, லாக் பண்ணி வச்சிருக்க ஸ்க்ரீன் மேலயே மெயிலும் மெசேஜும் வந்து நின்னா லாக் பண்ணி என்ன பிரயோஜனம். எழுந்து போகும்போது விண்டோஸ் கீயும் எல்லும் சேத்து அமுக்குனா லாக் ஆகிடும், வீட்ல எல்லாருக்கும் இத ஒண்ணாவது பழக்குங்க.

படம் மாத்துறது 'பெர்சனலைசேஷன்', 'லாக் ஸ்க்ரீன்'ல. ஸ்பாட்லைட்ல இருந்தா தினமும் ஒரு படமும் அதுகூட ஏதாவது ஒரு துணுக்கும் வரும், வேணாம்னா 'பிக்சர்' மாத்திட்டு துணுக்குக்கான டிக்க எடுத்துடுங்க. பாஸ்வேர்டு அடிக்கிற ஸ்க்ரீன்ல படம் மங்கலா தெரியுதேன்னு கேப்பாங்க, அது 'கலர்ஸ்'ல 'ட்ரான்ஸ்பரன்சி எஃபெக்ட்ஸ்' ஆஃப் பண்ணா தெளிவாயிடும்.

வயசான அப்பா அம்மா மட்டும் யூஸ் பண்ற டெஸ்க்டாப், பாஸ்வேர்டே வேணாம்னா? சாதா அக்கவுன்ட்டா இருந்தா, வீட்டுக்குள்ளயே இருக்க டெஸ்க்டாப்பா இருந்தா, பண்ணலாம், தப்பில்ல. அட்மின் அக்கவுன்ட்டுக்கோ லேப்டாப்புக்கோ பண்ணவே பண்ணாதீங்க. லோக்கல் அக்கவுன்ட்டா உருவாக்கி பாஸ்வேர்டு இடத்த காலியா விட்டாலே போதும், செக்யூரிட்டி கேள்வியும் கேக்காது. ஆனா வீட்ல ரெண்டு அக்கவுன்ட் இருக்கும்போது தானா ஒண்ணுக்குள்ள போகணும்னா விண்டோஸ் கீயும் ஆரும் அமுக்கி நெட்பிஎல்விஸ்னு அடிக்கணும், எழுத்து எழுத்தா சொன்னா என், இ, டி, பி, எல், டபிள்யூ, ஐ, இசட். அதுல 'யூசர்ஸ் மஸ்ட் என்டர்'னு ஆரம்பிக்கிற டிக்க எடுத்துட்டு, எந்த அக்கவுன்ட்டுன்னு சொல்லணும். அந்த டிக்கே காணோம்னா 'சைன்-இன் ஆப்ஷன்ஸ்'ல 'விண்டோஸ் ஹலோ' (பின், முகம், கைரேகை) மட்டும் தான் அனுமதின்னு ஒரு ஸ்விட்ச் ஆன்ல இருக்கும், அத ஆஃப் பண்ணிட்டு வாங்க.

தமிழ்ல டைப் பண்றவங்களுக்கு மட்டும் வர்ற தலைவலி

பாஸ்வேர்டு கரெக்டா தான் அடிக்கிறேன், தப்புன்னு சொல்லுது. முதல்ல லாகின் ஸ்க்ரீன்ல வலது கீழ் மூலைய பாருங்க, கீபோர்டு மொழி அங்க காட்டும். தமிழ் இன்ஸ்கிரிப்ட் கீபோர்டு சேத்து வச்சு அது லாகின் ஸ்க்ரீனுக்கும் போயிருந்தா, நீங்க இங்கிலீஷ்னு நெனச்சு அடிக்கிறது எல்லாம் தமிழ் எழுத்தா புள்ளி புள்ளியா விழுந்துட்டு இருக்கும். பாஸ்வேர்டு கட்டத்துல ஓரத்துல இருக்க கண் படத்த அமுக்கி பாத்தா தெரியும். விண்டோஸ் கீயும் ஸ்பேஸ்பாரும் அமுக்கி இங்கிலீஷுக்கு மாத்திட்டு அடிங்க.

நிரந்தரமா சரி பண்ண, செட்டிங்ஸ்ல 'டைம் அண்ட் லாங்குவேஜ்', 'லாங்குவேஜ் அண்ட் ரீஜன்', அதுல 'அட்மினிஸ்ட்ரேட்டிவ் லாங்குவேஜ் செட்டிங்ஸ்' திறந்து 'காப்பி செட்டிங்ஸ்' அமுக்குங்க. அது ஓடுற அக்கவுன்ட்ல இங்கிலீஷ் முதல்ல இருக்கணும், அப்புறம் 'வெல்கம் ஸ்க்ரீன்' டிக் பண்ணி ஓகே குடுத்தா லாகின் ஸ்க்ரீனும் அதே மாதிரி ஆயிடும். பின் அடிச்சா நம்பரே விழலன்னா நம்லாக் ஆஃப்ல இருக்கு, அதுக்கு இவ்வளவு தூரம் போக வேணாம்.

அக்கவுன்ட்ட எடுக்கும்போது

பொண்ணு காலேஜ் போயிட்டா, அவ அக்கவுன்ட்ட எடுத்துடலாம்னு 'அதர் யூசர்ஸ்'ல 'ரிமூவ்' அமுக்குனா 'டெலீட் அக்கவுன்ட் அண்ட் டேட்டா'ன்னு கேக்கும், பேர்லயே இருக்கு, போட்டோ, டாக்குமென்ட் எல்லாம் சேத்து போயிடும். கன்ட்ரோல் பேனல் வழியா யூசர் அக்கவுன்ட்ஸ், 'மேனேஜ் அனதர் அக்கவுன்ட்' போனா 'கீப் ஃபைல்ஸ்'னு ஒரு பட்டன் கிடைக்கும், டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ் மாதிரி முக்கியமானத உங்க டெஸ்க்டாப்ல ஒரு போல்டரா போட்டுடும். அதுலயும் டவுன்லோட்ஸ் நம்பாதீங்க, பென் டிரைவ்ல ஒரு காப்பி எடுத்துட்டே அழிங்க.

கடைசியா, கடைக்காரர் இமெயில்ல லாகின் பண்ணிக் குடுத்த லேப்டாப்

இது இப்ப தான் அதிகமா நடக்குது. 2024ல வந்த 24எச்2 வெர்ஷன்ல இருந்து, புது லேப்டாப்ப மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் போட்டு செட் பண்ணா டிஸ்க் தானாவே என்க்ரிப்ட் ஆகிடும், அதாவது சாவி இல்லாம படிக்க முடியாத மாதிரி பூட்டிடும். நல்ல விஷயம் தான், இது இல்லன்னா எவ்வளவு பெரிய பாஸ்வேர்டு போட்டாலும் டிஸ்க்க கழட்டி வேற கம்ப்யூட்டர்ல மாட்டுனா எல்லா பைலும் படிக்கலாம். ஆனா பயாஸ் (ஆன் பண்ணதும் முதல்ல ஓடுற மதர்போர்டு சாஃப்ட்வேர்) அப்டேட் ஆனாலோ மதர்போர்டு மாத்துனாலோ ஸ்க்ரீன் நீலமாகி 48 இலக்க ரெகவரி கீ கேக்கும், அந்த கீ முதல்ல அட்மினா லாகின் பண்ண மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல தான் சேவ் ஆகியிருக்கும். அது கடைக்காரரோடதா இருந்தா, உங்க போட்டோவுக்கான சாவி அவர் இமெயில்ல இருக்கு, அவர் அந்த இமெயில மறந்தே போயிருப்பார்.

சரி பண்றது இப்படி: செட்டிங்ஸ்ல 'ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டி', 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' போய் ஆன்ல இருக்கான்னு பாருங்க. இருந்தா ஆஃப் பண்ணுங்க, டிஸ்க் முழுசா திறக்க நேரம் ஆகும், சார்ஜர்ல போட்டு விட்டுடுங்க. உங்க சொந்த மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ட சேத்து, தற்காலிகமா அட்மின் ஆக்கி, அதுல லாகின் பண்ணி திரும்ப ஆன் பண்ணுங்க. அப்புறம் போன்ல மைக்ரோசாஃப்ட் சைட்டுக்கு போய் உங்க அக்கவுன்ட்ல 'டிவைசஸ்' பக்கத்துல அந்த லேப்டாப் பேருக்கு கீழ ரெகவரி கீ வந்திருக்கான்னு பாத்து, அத ஒரு பிரின்ட் எடுத்து அந்த பீரோ கவர்லயே போடுங்க. எல்லாம் சரியா வந்தப்புறம் உங்க அக்கவுன்ட்ட மறுபடி சாதாவா மாத்திட்டு, கடைக்காரர் அக்கவுன்ட்ட ரிமூவ் பண்ணிடுங்க.